கூதிர்காலக் கடலோரத்திலே பத்து நாள்

தமிழ்க் குடும்பங்களிலே பிரயாணம் என்பதற்கு எப்பொழுதும் ஒரு காரணம் வேண்டும். திருவிழா, திருமணம், மரணவீடு, வைத்தியம், வழக்கு, உத்தியோக மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாமல் நம்மவர் பெட்டி கட்டுவதில்லை. கதிர்காமத்துக்கும் மாமாங்கத்துக்கும் முன்னேசுவரத்துக்கும் குடும்பத்தோடு செல்வார்கள். ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடலிலே நீராடி முன்னோர் கடன் தீர்ப்பார்கள். ஆயின், கணவனும் மனைவியும் யாதொரு கருமமும் இன்றி, ஒருவரோடொருவர் சில நாள் ஆறியிருந்து வருவதற்கென்றே ஓரிடத்துக்குப் போவதென்றால், அதனை அயலவரிடம் சொல்வதற்கே கூச்சப்படுவார்கள். புதுமணத் தம்பதிகளாயின் ஊரார் சிரித்துவிட்டு விட்டுவிடுவர். தலை நரைத்தவர்களாயின், “இந்த வயதிலே இது என்ன கோலம்?” என்று கேட்காமல் விடார்.

மேனாட்டவரின் வழக்கம் வேறு. அவர்களுடைய ஆண்டுக் கணக்கிலே கடற்கரை விடுமுறைக்கென்று சில நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அதிலும், கோடைகாலத்துச் சந்தடி அடங்கிய பின்னர், இலையுதிர் காலத்திலே கடலோரத்துக்கு வருபவர்கள் ஒரு தனி வகையினர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளவர்கள் அப்பொழுது வரமாட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து பறந்துபோன பின்னர் எஞ்சி நிற்கும் இருவர், இருவர், இருவராகவே வருவார்கள். 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் நடுப்பகுதியிலே, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிறைற்றன் நகரத்தில், அத்தகைய இருவருள் இருவராகப் பத்து நாள் தங்கியிருக்கும் வாய்ப்பு எமக்கும் எம் மனைவியாருக்கும் கிடைத்தது. அங்கே கண்டனவற்றையும், அங்கிருந்து நாம் தீர்மானித்த ஒரு விடயத்தையும் இங்கே எழுதுகின்றோம். நம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பயன்படக்கூடும்.

போன காரணம்

நாம் இருவரும் இளைப்பாறிய ஆசிரியர்கள். நாம் விஞ்ஞானம் படிப்பித்தோம். எம் மனைவியார் தமிழ் படிப்பித்தார். மகள் இலண்டனிலும் மகன் கனடாவிலும் குடியேறி நெடுநாளாயிற்று. 2022ஆம் ஆண்டு இலங்கையிலே பொருளாதாரம் சீர்குலைந்து, எரிபொருளுக்கு வரிசையும் மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் ஏற்பட்டபொழுது, பிள்ளைகள் இருவரும் ஒரே பிடியாய் நின்று எம்மை அழைத்தனர். மகளுக்கு அவ்வாண்டு மார்கழியிலே பிரசவம். ஆகவே ஆறு மாத அனுமதி பெற்று இலண்டனுக்கு வந்தோம்.

வந்த பின்னர்தான் பிள்ளைகள் தம்முள் வகுத்திருந்த திட்டம் தெரிந்தது. தாயார் பிரசவத்துக்குப் பின்னரும் அனுமதி முடியுமட்டும் மகளோடு தங்குவது. அதன்பின் நேரே கனடாவுக்குச் சென்று மகனின் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொள்வது. தகப்பனார் நத்தாருக்கு முன்னர் ஊருக்குத் திரும்பி வீட்டையும் வளவையும் காத்துக்கொள்வது. பிள்ளைகள் தீய எண்ணத்தோடு இதனை வகுக்கவில்லை. கனடாவிலே குழந்தைப் பராமரிப்புக்கு ஆகும் செலவு பெரிது. ஊரிலே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நேரும் கதியும் யாவரும் அறிந்தது. இவ்வாறு தாய் ஒரு நாட்டிலும் தந்தை ஒரு நாட்டிலுமாக வாழும் முதியோர் இன்று யாழ்ப்பாணத்து ஊர்கள் தோறும் இருக்கின்றனர். எம் மனைவியார், “பிள்ளையள் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லேலுமோ?” என்றார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

பிரசவத்துக்கு முன்னர் தாயார் சற்று ஆறியிருக்கட்டும் என்று எண்ணிய மகள், பிறைற்றன் கடலோரத்திலே ஒரு தங்குவிடுதியின் மேல்மாடி அறையை எமக்குப் பத்து நாளைக்கு ஒழுங்குசெய்து கொடுத்தார். கோடை முடிந்துவிட்டமையால் வாடகை குறைவு. இலண்டனிலிருந்து ஏறக்குறைய 50 மைல். புகையிரதத்திலே ஒரு மணி நேரப் பிரயாணம். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்திலே நாம் இருவர் மட்டும் ஓரிடத்தில் இத்தனை நாள் தங்கியது அதுவே முதன்முறை.

கடல் மருந்தாகிய கதை

கடற்கரைக்கு ஓய்வுக்காகச் செல்லும் வழக்கம் ஆங்கிலேயரிடம் ஆதியிலிருந்து இருந்ததன்று. பிறைற்றன் ஒரு மீன்பிடிக் கிராமமாகவே இருந்தது. 1750ஆம் ஆண்டிலே, அயலூராகிய லூயிசில் வாழ்ந்த றிச்சட் றசல் என்னும் வைத்தியர், கழலை நோய்களுக்குக் கடல்நீர் நன்மருந்து என்று இலத்தீன் மொழியிலே ஒரு நூல் எழுதினார். கடலிலே முழுகுவது மட்டுமன்றிக் கடல்நீரைக் குடிப்பதும் அவருடைய வைத்தியத்தின் பகுதி. அந்நீரைக் குடித்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எனினும் செல்வர்கள் திரண்டு வந்தனர். குதிரை பூட்டி நீருக்குள் இழுத்துச் செல்லும் சக்கரக் குடில்களுக்குள் இருந்து, பிறர் காணாதபடி கடலிலே இறங்கினர்.

1783ஆம் ஆண்டு முடிக்குரிய இளவரசர், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னரானவர், முதன்முறையாக அங்கே வந்தார். அவர் கட்டிய கடலோர மாளிகையை 1815 முதல் ஜோன் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் இந்திய அரண்மனை போலக் குவிமாடங்களும் மினார்களும் வைத்துத் திருத்திக் கட்டினார். 1801ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே ஏறக்குறைய 7,000 பேரைக் கொண்டிருந்த ஊர், 1851இல் 65,000 பேரைக் கொண்ட நகரமாயிற்று. 1841ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து புகையிரதப் பாதை வந்து சேர்ந்ததும் மன்னர்க்குரிய கடற்கரை தொழிலாளர்க்கும் உரியதாயிற்று. அச்சந்தடி பிடியாத விக்ரோறியா மகாராணியார் அம்மாளிகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். 1850இல் நகரத்தாரே அதனை விலைக்கு வாங்கினர்.

ஓய்வு என்பது ஏழைக்கும் உரிமையாவதற்குச் சட்டம் துணைசெய்தது. 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டமும், 1938ஆம் ஆண்டு சம்பளத்துடனான விடுமுறைச் சட்டமும் அங்கே இயற்றப்பட்டன. பின்னர் 1960களிலும் 1970களிலும் ஆகாயவிமானப் பிரயாணம் மலிவாயிற்று. ஆங்கிலேயர் வெயிலைத் தேடி ஸ்பெயின் தேசத்துக் கடற்கரைகளுக்குப் பறந்தனர். ஆங்கிலக் கடலோர நகரங்கள் பல களையிழந்தன. பிறைற்றன் தலைநகருக்கு அண்மையில் இருந்தமையாலும், பல்கலைக்கழகங்கள் அங்கே அமைந்தமையாலும் தன்னைக் காத்துக்கொண்டது.

எங்கள் நாட்கள்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். யாழ்ப்பாணத்திலே அப்பொழுது வடகீழ்ப் பருவமழை பெய்யும், கிணறுகள் நிறையும், வயல்கள் பச்சை பிடிக்கும். அதே வேளையில் ஆங்கில நாட்டு மரங்கள் பொன்னிறங் கொள்கின்றன. நாட்கள் குறுகவும் குளிர் மிகவும் இலைகளிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுவரை அதனுள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் அப்பொழுதுதான் வெளிப்படுகின்றது. “உந்த மஞ்சள் புதிசாய் வந்ததில்லையோ? முந்தியே உள்ளுக்குள்ளை இருந்ததோ?” என்று எம் மனைவியார் வியந்து கேட்டார். முப்பத்தெட்டு ஆண்டு விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் மனைவியாக இருந்தும் இதனை எவரும் தமக்குச் சொல்லவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

எங்கள் நாட்களிலே சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் மிகச் சில. காலையில் நேரஞ் சென்று எழும்புவோம். ஊரிலிருந்து கொண்டுசென்ற கோப்பித்தூளிலே கோப்பி போட்டு யன்னலோரத்தில் இருந்து குடிப்போம். கம்பளி மேற்சட்டையும் கழுத்துத் துண்டும் அணிந்துகொண்டு கடலோர நடைபாதையிலே மேற்குத் திசையாக நடப்போம். அங்குள்ள கரையிலே மணல் அருமை, முழுவதும் கூழாங்கற்கள். அக்கரைக்குப் பின்னாலுள்ள குன்றுகள் யாவும் வெண்ணிறச் சுண்ணப் பாறை. அப்பாறையுள்ளே பொதிந்திருக்கும் கருநிறத் தீக்கற்கள் பாறை கரையக் கரைய வெளிவந்து, அலையிலே உருண்டு உருண்டு வழவழப்பாகின்றன. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல்லாலே ஆனதன்றோ? கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தபொழுது சொந்தக்காரரின் தூரத்து உறவினரைக் கண்டது போல இருந்தது. அலை பின்வாங்குந்தோறும் கற்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசை, களத்திலே நெல்லை வாரிச் சொரிவது போன்றது.

ஒக்ரோபர் மாதத்திலும் சிலர் கடலிலே நீந்துவதைக் கண்டோம். அவர்களுள் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களும் இருந்தனர். அந்நகரத்திலே 1860ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஒரு நீச்சற் கழகம் உண்டு. அதன் உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் கடலில் இறங்குவார்கள். இதற்கும் காரணம் இருக்கின்றது. நிலம் விரைவில் வெப்பமடைந்து விரைவிற் குளிரும்; நீர் மெல்ல வெப்பமடைந்து மெல்லவே குளிரும். ஆகவே ஆங்கிலக் கடல் கூடுதலாக வெப்பமடைவது கோடையின் தொடக்கத்தில் அன்று, அதன் முடிவிலேதான். ஒக்ரோபரிலே கரையிற் குளிர் காற்று வீசினும், கடல்நீர் ஏறக்குறைய 15 பாகையில் நிற்கும். சித்திரை மாதத்து நீரிலும் அது வெப்பமானது. நம்மவர்க்கு அதுவும் பனிக்கட்டிதான். எம் மனைவியார் சேலைக் கரையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாதம் நனைத்தார். ஒரு நிமிடத்திலே கரையேறிவிட்டார்.

மத்தியானத்திலே கடலைப் பார்த்திருக்கும் வாங்குகளுள் ஒன்றில் அமர்ந்து, பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் உண்போம். கடற்காகங்கள் அங்கே மிகத் துணிவானவை. கையிலுள்ளதையே பறித்துக்கொண்டு போகும். நம்மூர்க் காகத்துக்கு அவை எவ்விதத்திலும் இளைத்தவையல்ல. அவ்வாங்குகள் பலவற்றிலே சிறிய பித்தளைத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. மறைந்துபோன கணவனை அல்லது மனைவியை நினைந்து, அவர் விரும்பி அமர்ந்த இடத்திலே எஞ்சியவர் வாங்கு ஒன்றை நிறுவும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. எம் மனைவியார் ஒவ்வொரு வாங்காக நின்று வாசித்தார். எவ்வளவு ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்கின்றனர் என்று மனத்தாற் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கரையில் நம் பக்கத்தவர்

அக்கடலோரத்திலே நம் உபகண்டத்தவரின் சுவடுகளும் உண்டு. பாட்னாவிலே 1759இல் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 1814ஆம் ஆண்டளவில் பிறைற்றனுக்கு வந்து, மூலிகை ஆவியும் எண்ணெய்த் தேய்ப்பும் கொண்ட குளிப்பகம் ஒன்றை நடத்தினார். நான்காம் ஜோர்ஜ், நான்காம் வில்லியம் என்னும் மன்னர் இருவருக்கும் அவர் தேய்ப்பு வைத்தியராக இருந்தார். இன்று உலகமெங்கும் தலைமுழுக்குக்கு வழங்கும் ‘ஷாம்பு’ என்ற சொல், பிடித்துத் தேய்த்தல் என்ற பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. 1851இல் மறைந்த அவருடைய கல்லறை அந்நகரத்துப் பழைய தேவாலய முற்றத்திலே இருக்கின்றது.

முதலாம் உலகப் போரிலே, பிரான்சுப் போர்க்களத்தில் காயமுற்ற இந்திய வீரர்களுக்கு 1914 மார்கழி முதல் 1916 தைவரை அம்மாளிகையே வைத்தியசாலையாயிற்று. சரவிளக்குகள் தொங்கிய மண்டபங்களிலே கட்டில்கள் வரிசையாக இடப்பட்டன. சமய ஆசாரங்களுக்கேற்ப ஒன்பது சமையற்கூடங்கள் அமைக்கப்பட்டன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் வைக்கப்பட்டன. உயிர் பிழையாத இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேர், நகருக்கு வெளியே உள்ள புல்வெளிக் குன்றிலே தகனஞ் செய்யப்பட்டனர். அவ்விடத்திலே வெண்சலவைக் கல்லாலான ‘சத்திரி’ என்னும் நினைவுமண்டபம் 1921 மாசியிலே திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி, இந்திய மக்கள் நன்றியாக அளித்த வாயிற்கோபுரத்தை மாளிகையின் தென்புறத்திலே பட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார்.

நாம் ஐந்தாம் நாள் அக்குன்றுக்கு நடந்து சென்றோம். சுற்றிலும் ஆடுகள் மேய்கின்ற புல்வெளி, தூரத்திலே கடல். மனைவி எங்கேயோ, கணவன் இங்கே சாம்பலாகி எங்கேயோ என்று அங்கே நின்றபொழுது எண்ணாமல் இருக்க இயலவில்லை. தமிழிலக்கியத்திலே கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, அஃதாவது கதிரவன் சாயும் வேளை. அதற்குரிய ஒழுக்கம் இரங்கல். பிரிந்தவரை நினைந்து கரையிலே நின்று வருந்துதல். திரும்பி வரும் வழியிலே எம் மனைவியார் இதனை மாணவருக்கு எத்தனை முறை படிப்பித்திருப்பார் என்று சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

இரட்டை மரம்

பிறைற்றனிலே கடலை விட்டு உள்ளே சென்றால், பிரெஸ்ரன் பூங்கா என்றோர் இடம் உண்டு. அங்கே நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட ‘எல்ம்’ மரங்கள் இரண்டு அருகருகே நின்றன. ஊரார் அவற்றை இரட்டையர் என்று அழைத்தனர். 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒருவகைப் பூஞ்சண நோய் பிரித்தானியாவிலே கோடிக்கணக்கான எல்ம் மரங்களை அழித்துவிட்டது. மரப்பட்டையிலே வாழும் வண்டுகள் அந்நோயைப் பரப்பும். பிறைற்றனுக்கு வடக்கே குன்றும் தெற்கே கடலும் அரணாக இருந்தமையாலும், நோய்கண்ட மரத்தை நகராட்சியார் உடனுக்குடன் வெட்டி அகற்றியமையாலும் அங்கே ஆயிரக்கணக்கான எல்ம் மரங்கள் எஞ்சின. எனினும் இரட்டையருள் ஒன்றை 2019ஆம் ஆண்டு நோய் பிடித்தது. அவ்வாண்டு மார்கழியிலே அதனை வெட்டினர். அருகருகே நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள்ளே ஒன்றோடொன்று கூடிவிடுவதுண்டு. அவ்வழியாலும் நோய் செல்லும். ஆகவே ஒன்றைக் காக்க மற்றையதை விரைந்து அகற்றவேண்டியதாயிற்று.

ஏழாம் நாள் நாம் அங்கே சென்றபொழுது எஞ்சிய மரம் நின்றது. உட்புறம் கோறையாகிப்போன பருத்த அடிமரம். மேலே மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய இலைகள். பக்கத்திலே வெறுநிலம். எம் மனைவியார் மரத்தைப் பார்க்கவில்லை. அந்த வெறுநிலத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சாருங்கோ, நாங்கள் எத்தினை வரியம் ஒண்டாய் இருந்திருப்பம்?” என்று கேட்டார்.

“முப்பத்தெட்டு,” என்றோம்.

“அது கலியாணங் கட்டின கணக்கு. ஒரு வீட்டிலை இருந்த கணக்கைச் சொல்லுங்கோ.”

அருகிலிருந்த வாங்கில் அமர்ந்து விரல்விட்டு எண்ணினோம். 1984இலே திருமணம். நாம் மன்னாரிலும் வவுனியாவிலும் படிப்பித்த ஆண்டுகளிலே, போரினாற் பாதைகள் மூடுண்டு, சில தடவை எட்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வீடு வந்தோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி வெளியேறிய அந்த இரவிலே, ஐப்பசி மழையில், இரு குழந்தைகளோடும் எம் மாமியாரோடும் நடந்தவர் எம் மனைவியார் தனியே. நாம் வவுனியாவில் இருந்தோம். அவர்கள் உயிரோடிருக்கும் செய்தி எமக்குக் கிடைக்க மூன்று வாரஞ் சென்றது. பிள்ளைகளின் கல்விக்காக அவர் கொழும்பிலே வாடகை வீட்டில் இருந்த காலமும் உண்டு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபொழுது, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது இருபத்தோராண்டு. எஞ்சிய பதினேழும் பிரிவு.

“அந்தப் பதினேழுக்கும் ஒரு ஞாயம் இருந்தது. சண்டை, வேலை, படிப்பு. இனிப் பிரியிறதுக்கு என்ன ஞாயம்? வளவுக்குக் காவலோ?” என்றார் அவர். பின்னர், “நான் ஓமெண்டு சொன்னது பிள்ளையளுக்காக. நீங்கள் ஏன் வேண்டாமெண்டு சொல்லேல்லை?” என்று கேட்டார்.

பேரப்பிள்ளையைக் காணும் ஆசைக்கு நாம் தடையாக நிற்கலாகாது என்று பேசாதிருந்தோம் என்றோம். “தடை எண்டு ஆர் சொன்னது?” என்றார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் மௌனமாயிருந்து, இருவரும் விரும்பாத ஒன்றை ஏற்கும் நிலையிலே நின்றோம். வீட்டிலே இந்தப் பேச்சு ஒருபோதும் எழுந்திராது. வீட்டிலே அடுப்பில் ஏதோ கொதிக்கும், யாரோ கதவைத் தட்டுவர், தொலைபேசி அடிக்கும். கருமம் ஒன்றும் இல்லாத ஏழு நாள் சென்ற பின்னரே அக்கேள்விக்கு இடம் உண்டாயிற்று.

மாலைப் பறவைகள்

எஞ்சிய மூன்று மாலைகளையும் கடலோரத்திலேயே கழித்தோம். அங்கே பழைய மேற்குக் கடற்பாலம் ஒன்று இருந்தது. 1866ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 1975இல் மூடப்பட்டு, 2003ஆம் ஆண்டு இரு தடவை தீப்பற்றி எரிந்தது. இன்று அதன் கரிய இரும்புக் கூடு மட்டும் கரையின் தொடர்பற்றுக் கடலுக்குள் நிற்கின்றது. அதற்குக் கிழக்கே 1899இல் திறக்கப்பட்ட மற்றைய பாலம், 1,700 அடிக்கு மேல் நீண்டு, விளக்குகளோடு இன்னும் உயிர்ப்புடன் இருக்கின்றது. இலையுதிர் காலம் தொடங்கி மாசி பங்குனி வரை, மைனா இனத்தைச் சேர்ந்த ‘ஸ்ராலிங்’ என்னும் சிறு பறவைகள் கதிரவன் சாயும் வேளையிலே அப்பாலங்களின் மேலே கூட்டங் கூட்டமாய்ச் சுழன்று பறந்து, இருள் விழும்பொழுது பாலத்தின் அடியிலே அடங்கும். நாம் கண்டவை பருவத்தின் முதற் கூட்டங்கள். சில நூறு இருக்கும். ஒவ்வொரு பறவையும் தனக்கு அண்மையிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே நோக்கித் திரும்புகின்றது என்றும், அதனாலேயே கூட்டம் முழுவதும் ஒரே உடல் போல வளைகின்றது என்றும் ஆய்வாளர் கூறுகின்றனர். தலைவன் என்று ஒரு பறவை இல்லை.

அம்மாலைகளிலே நாம் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். மகளின் பிரசவம் முடிந்து, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை இருவரும் இலண்டனிலேயே தங்குவது. பங்குனியிலே இருவரும் ஒன்றாக ஊர் திரும்புவது. கனடாவுக்குச் செல்வதாயினும் இருவரும் சேர்ந்தே சென்று, சேர்ந்தே திரும்புவது. வீட்டை அதுவரை அயலிலுள்ள மருமகன் முறையான ஒருவரிடம் ஒப்படைப்பது. வளவிலே இரண்டு தென்னை பட்டுப்போனால் போகட்டும்.

இலண்டன் திரும்பியதும் மகளிடம் இதனைச் சொன்னார் எம் மனைவியார். மகள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அப்பாவுக்குத் தனிய இருக்கிறது கஷ்டமெண்டு எனக்கு ஒருக்காலும் தோன்றேல்லை அம்மா. அவர் எப்பவும் அப்பிடித்தானே இருந்தவர்,” என்றார். அவர் கூறியது உண்மையே. பிள்ளைகள் கண்ட தகப்பன், வெள்ளிக்கிழமை பஸ்ஸிலே வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலே போகின்றவர். கனடாவிலுள்ள மகன் உடனே உடன்படவில்லை; இரு கிழமை தொலைபேசியிலே மனக்குறை இருந்தது. பின்னர் அவர் தம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். 2023 பங்குனியிலே, பேத்தியை முத்தமிட்டுவிட்டு, இருவரும் ஒரே விமானத்திலே ஊர் வந்து சேர்ந்தோம். தென்னை இரண்டும் நன்றாகவே நின்றன.

வாசகர்களுக்கு

இதற்குப் பிறைற்றனுக்குப் போகவேண்டியதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே வாழ்கின்றோம். காரைநகரிலே கசூரினாக் கடற்கரை, வேலணையிலே சாட்டி, திருகோணமலையிலே நிலாவெளி, மட்டக்களப்பிலே பாசிக்குடா என்று நம்மவர் கடற்கரைகள் பல. ஐப்பசி, கார்த்திகை மழைமாதங்கள்; ஆகவே வடக்கே மாசி பங்குனியிலும், கிழக்கே சித்திரை முதல் புரட்டாதி வரையும் செல்வது நன்று. விழாக் கூட்டமும் பாடசாலை விடுமுறையும் இல்லாத நாளாகப் பார்த்துச் சென்றால் தங்குமிட வாடகையும் குறையும். கடலும் உங்களுக்கே உரியதாகும். இரண்டு நாளாவது தங்கவேண்டும். முதல்நாள் முழுவதும் வீட்டு நினைவிலேயே போய்விடும்.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கும், தொழில் பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெற்றோருக்கு எத்தனை ஆண்டு ஒன்றாக இருக்கக் கிடைத்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம் நாட்டிலே, நம் தலைமுறையிலே, அந்தக் கணக்கு திருமணத் திகதியோடு பொருந்தும் வீடுகள் மிகச் சிலவாகவே இருக்கும். கையிலே சற்றுப் பணம் சேர்ந்ததும், சேலையும் வேட்டியும் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னர், கடலோரத்திலே ஓர் அறையை இரண்டு நாளைக்கு ஒழுங்குசெய்து அவர்களை அனுப்பிவையுங்கள். “ஏன் பிள்ளை வீண் செலவு?” என்று தாயார் சொல்வார், தகப்பனார் வளவுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்பார். வளவுக்கு நீங்கள் தண்ணீர் விடுங்கள். அவர்களோடு கூடப் போகவேண்டாம். நாளுக்கு ஒருமுறைக்கு மேல் தொலைபேசியிலே அழைக்கவும் வேண்டாம்.